சத்தம் எந்தப் பக்கம்?

கண்ணை மூடிக் கொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவர் கை தட்டட்டும். எந்தப் பக்கம் என்று உடனே சொல்லி விடுவீர்கள். எப்படி?

வலப்பக்கம் தட்டினால் சத்தம் வலது காதில் முதலில் விழும். பிறகுதான் இடது காதுக்குப் போகும். இடைப்பட்ட நேரம் எவ்வளவு தெரியுமா? ஒரு நொடியை 1000 பங்காக்கினால், அதில் ஒரு பங்கு கூட இல்லை! தலை மறைப்பதால் இடது காதில் சத்தமும் சற்றுக் குறையும். இந்த வித்தியாசங்களை வைத்தே மூளை பக்கத்தைக் கண்டுபிடிக்கிறது.

நேர் பின்னால் தட்டினால்? இரண்டு காதிலும் ஒன்றாக விழும். அப்போது காது மடலின் மேடு பள்ளங்கள் உதவும். அப்படியும் மூளை சில சமயம் ஏமாறும்.

ஒரு காது கேட்காதவருக்கும் லாரி ஹாரன் கேட்கும். எந்தப் பக்கம் என்று தெரிவதுதான் கடினம். குழந்தைக்குக் காதில் சீழ் வடிகிறதா? எண்ணெய் ஊற்றாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே காட்டுங்கள்.