ராஜினாமா பண்ணிட்டீங்களா? நோட்டீஸ் பீரியட் சம்பளத்தை நிறுத்தி வைக்க முடியுமா?

'ரிலீவ் ஆனதும் மொத்தமா தர்றோம்' என்கிறதா நிறுவனம்? திருவாமாத்தூரில் இருந்து விழுப்புரம் கடைக்கு வேலைக்குப் போறவரோ, சென்னை ஐ.டி. ஊழியரோ, விதி ஒன்றுதான்.

நோட்டீஸ் காலத்தில்: நீங்கள் அப்போதும் ஊழியர்தான். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும்.

வேலையை விட்ட பிறகு: 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, பாக்கிச் சம்பளத்தை 2 வேலை நாட்களுக்குள் தர வேண்டும். பழைய 1936 சட்டத்தில் இந்தக் கெடு, நிறுவனமே வேலையை விட்டு அனுப்பியவர்களுக்கு மட்டும்தான். இப்போது ராஜினாமா செய்தவர்களுக்கும் உண்டு.

பாதியில் நின்றால்: ஒப்பந்தப்படி மீதி நாட்களுக்குப் பணம் கேட்கலாம். ஆனால், எதைப் பிடித்தாலும் மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

தராவிட்டால்: ராஜினாமா மெயில், வருகைப் பதிவு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு தொழிலாளர் துறையில் மனு கொடுங்க. 3 ஆண்டுகள் வரை அவகாசம் இருக்கு.