படுக்கைப்புண்ணா, அழுத்தப்புண்ணா? நிலைப்பாகுபாடும் கலைச்சொல்லும்

முன்னுரை

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையிலுள்ள இலஞ்சி போன்ற ஊர்களில் நெடுநாள் படுக்கையுற்றோரைப் பேணுவோர் பெரும்பாலும் வீட்டாரே. இவ்வட்டாரத்து ஆய்க்குடியில், 1975-இல் தண்டுவடக் காயத்தால் கழுத்துக்குக் கீழ்ச் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981-இல் நிறுவிய அமர் சேவா சங்கம் தண்டுவடப் பாதிப்புற்றோரின் மறுவாழ்வுக்கும் பணியாற்றி வருகிறது. இத்தகையோருக்கு நேரும் பேரிடர்களுள் ஒன்று படுக்கைப்புண். அதனைக் குறிக்கும் தமிழ்ச்சொற்கள் அதனைக் கண்டறியத் துணைபுரிகின்றனவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரும் பொருளும்

'படுக்கைப்புண்' இடம் கருதி அமைந்த பெயர். எலும்பு முனைப்புக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே அழுந்திய திசுவில் குருதியோட்டம் தடைப்படுவதே இதன் காரணம். சக்கர நாற்காலியில் அமர்ந்தே இருப்போர்க்குப் புட்ட எலும்பின் மீதும், மூக்கில் குழாய் செருகப்பட்டோர்க்கு அக்குழாய் அழுந்துமிடத்தும் இது தோன்றும். ஆதலின் 'அழுத்தப்புண்' என்பதே பொருந்தும். எனினும் 'புண்' என்றவுடன் தோல் சிதைந்த நிலையே நினைவுக்கு வரும். முதல் நிலையிலோ தோல் சிதைவதில்லை. அமெரிக்காவின் தேசிய அழுத்தப்புண் அறிவுரைக்குழு 2016-இல் 'புண்' என்பதை விடுத்துக் 'காயம்' எனப் பொருள்படும் சொல்லை ஏற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிலைகள்

அக்குழுவின் பாகுபாடு வருமாறு:

நிலை 1: தோல் சிதையவில்லை; விரலால் அழுத்தினும் வெளிறாத சிவப்பு.
நிலை 2: மேல்தோல் நீங்கி உட்தோல் தெரியும், நீர்க்கொப்புளமாகவும் இருக்கலாம்.
நிலை 3: தோல் முழுதும் அழிந்து கொழுப்பு தெரியும்.
நிலை 4: தசை, தசைநாண் அல்லது எலும்பு வெளிப்படும்.

அழுகிய திசு மூடியிருப்பதால் ஆழம் அறிய இயலாதது 'நிலை கணிக்க இயலாதது' எனவும், கருஞ்சிவப்பு அல்லது ஊதா நிறம் மாறாதிருப்பது 'ஆழ்திசுக் காயம்' எனவும் தனித்து வகுக்கப்படும். நிலை 4 ஆறிவரும்போது அதனை நிலை 3 எனக் குறித்தல் பிழை. இழந்த தசை மீள்வதில்லை, வடுத்திசுவே அவ்விடத்தை நிரப்புகிறது.

நிறமும் அறிதலும்

'சிவத்தல்' என்னும் சொல் இங்கே இடர்ப்பாடு தருகிறது. கருநிறத் தோலில் சிவப்பும் வெளிறலும் எளிதில் புலப்படா. சிவப்பை மட்டும் தேடுவோர் முதல் நிலையைத் தவறவிடுவர். அடுத்துள்ள தோலைவிடக் கருத்திருத்தல், வெப்பம் மிகுதல் அல்லது குறைதல், இறுகுதல் அல்லது குழைதல் ஆகியவற்றை நோக்க வேண்டும். தொடுவுணர்வு இழந்தவர் வலியைச் சொல்லவும் இயலாராதலின், பேணுபவரின் கண்ணோடு கையும் இங்கு அறிகருவியாகிறது.

முடிவுரை

தமிழ்க் கையேடுகளில் நிலை 1-ஐச் 'சிவப்பு' என்பதற்கு மாற்றாக, 'அழுத்தியும் மாறாத நிறவேறுபாடு. வெப்ப, இறுக்க வேறுபாடும் உடன் நோக்குக' என வரையறுத்தல் தகும். அழுத்தத்தை உடனே நீக்கினால் மீளக்கூடிய நிலை அதுவே. ஆதலின் இச்சொல்லாட்சித் திருத்தம் நோயாளியைக் காக்கும் செயலுமாகும்.