தத்துப்பிள்ளையும் பரம்பரை நோயும்

"குடும்பத்தில் யாருக்கேனும் நீரிழிவு, மாரடைப்பு, புற்றுநோய் உண்டா?" மருத்துவர் தவறாது கேட்கும் கேள்வி இது. தான் தத்துப்பிள்ளை என்று அறிந்தவன் "தெரியாது" என்பான். அறியாதவனோ, வளர்த்த தந்தையின் நோயைத் தன் பரம்பரை நோயாக எடுத்துரைப்பான். பின்னையதே பெருந்தீங்கு, அவ்விடையை நம்பும் மருத்துவர், தேட வேண்டியதைத் தேடாது விடக்கூடும்.

பிறவியிலேயே இரத்தத்தில் கொழுப்பை மிகுவிக்கும் பரம்பரைக் கோளாறு ஒன்றுண்டு. பெற்றோருள் ஒருவருக்கு அது இருப்பின், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கவனியாது விட்டால் இளவயதிலேயே மாரடைப்பு நேரலாம். முன்னரே கண்டறிந்தால் மருந்தால் பெரிதும் காக்கலாம். குலவழி அறியாதவர்க்குச் சாதாரண இரத்தப் பரிசோதனையே வழிகாட்டி.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் (எண் 110), நாட்டுச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்டவரைத் தத்தெடுத்தோரின் பிள்ளையாகவே கருதுகிறது. உரிமை அவ்வாறாயினும் இரத்தம் பெற்றவருடையதே. திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டினால் தெரியாதா என்பர் சிலர். அதில் பெயர்கள் உண்டு; நோய் வரலாறு இல்லை.

உடன்பிறந்தாரின் பிள்ளையைத் தத்தெடுத்தோர்க்கு விவரம் அடுத்த வீட்டிலேயே கிடைக்கும், கேட்கத்தான் நாணுகின்றனர். இல்லத்தின் வழியாகப் பெறுவோர், குழந்தையின் மருத்துவ அறிக்கையோடு நில்லாது, பெற்றவரின் உடல்நலம் பற்றிய குறிப்பு உண்டா எனவும் வினவட்டும். 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, 18 வயது நிறைந்தவர் தம் பிறப்பின் மூலத்தைத் தேடித்தர விண்ணப்பிக்கலாம். எனினும், தாம் தத்துப்பிள்ளை என்பதையே அறியாதவர் எதைக் கேட்டு விண்ணப்பிப்பார்? பெற்றோரே, அயலார் வாயிலாக அது பிள்ளையின் செவிக்கு எட்டுமுன் நீங்களே சொல்லுங்கள். திருமணப் பேச்சு வரும்வரை காத்திராதீர்கள்.