எடைமுள் நின்றுவிட்டதா? நீங்கள் நின்றுவிடாதீர்கள்!

உடம்பைக் குறைக்கப் படாதபாடு படும் சகோதரிகளுக்கு என் அனுபவம் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் செய்த தவறை இன்னொருவர் செய்ய வேண்டாம்.

எனக்கு வயது 37. உயரம் 155 சென்டிமீட்டர். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடை இறங்கவே இல்லை. போன வருஷம் 78 கிலோ இருந்தேன். எந்நேரமும் அசதியாக இருக்கிறதே என்று ரத்தப் பரிசோதனை செய்தபோது, மூன்று மாத சர்க்கரை அளவு 6.1 என்று வந்தது. "6.5 தொட்டா சர்க்கரை நோய்தான். நீங்க வாசப்படியில நிக்கிறீங்க" என்றார் டாக்டரம்மா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் அம்மா சர்க்கரையால் கால் விரலை இழந்தவர். அந்தப் புண்ணுக்கு மாதக்கணக்கில் கட்டுப் போட்டுவிட்டவள் நான்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். விடியற்காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் 45 நிமிட நடை. காபியில் சீனி கிடையாது. மதியம் சோறு பாதி, இரவு இரண்டு சப்பாத்தி. நான்கே மாதத்தில் 78, 71 ஆனது! தொளதொளத்த ஜாக்கெட்டுகளைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டேன்.

அதோடு சரி. எடை மெஷினின் முள் 71-லேயே ஒட்டிக்கொண்டது. ஒரு வாரம், இரண்டு வாரம் அல்ல, முழுசாக இரண்டு மாதம். அதே நடை, அதே சாப்பாடு, அதே 71.

"தினமும் விடியக்காலையில எந்திரிச்சு ஓடுறே, உடம்பு என்னவோ அப்படியேதானேம்மா இருக்கு" என்றார் அத்தை. அவர் குத்திக்காட்டவில்லை, கண்ணில் பட்டதைச் சொன்னார். ஆனாலும் சுருக்கென்றது. வீட்டுக்காரரோ, "உங்க வீட்டு உடல்வாகே அப்படித்தான், விடு" என்று முடித்துவிட்டார்.

எனக்கு வெறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. காலையில் ஒரு தடவை, குளித்தபின் ஒரு தடவை, படுக்கப் போகும்முன் ஒரு தடவை என்று மெஷினில் ஏறி இறங்கினேன். ராத்திரி சாப்பாட்டை அடியோடு நிறுத்தினேன். வெந்நீரில் தேன், எலுமிச்சை, கொள்ளுத் தண்ணீர் என்று யார் எதைச் சொன்னாலும் குடித்தேன். பத்தாவது நாள் குழாயடியில் குடத்தைத் தூக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டு அக்கா தாங்கிப் பிடித்திராவிட்டால் மண்டை உடைந்திருக்கும்.

அதைவிடப் பெரிய அடி அன்று இரவு விழுந்தது. ஐந்தாவது படிக்கும் என் மகள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்கும் சோறு வேணாம்மா. நானும் குண்டாயிடுவேன்" என்றாள். வளருகிற பிள்ளை! நான் என் உடம்பைப் பட்டினி போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் அதையே கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

அடுத்த நாளே டாக்டரம்மாவிடம் போய் அழுதேவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது இதுதான்: "முன்னாடி நீங்க நடக்கும்போது ஏழு கிலோ அரிசிப் பையையும் சேர்த்துச் சுமந்தீங்க. இப்ப அந்தப் பையை இறக்கி வச்சாச்சு. அப்புறம் அதே நடைக்கு அதே சக்தி எப்படிச் செலவாகும்? உடம்பு சின்னதாக ஆக, அதோட செலவும் குறையும். வரவும் செலவும் சரியாப் போற இடத்துல முள் நின்னுடும். இது எல்லாருக்கும் வர்றதுதான்." முதல் சில வாரங்களில் மளமளவென்று குறைவதில் உடம்பிலுள்ள நீரும் சேர்ந்து போகிறதாம். அந்த வேகம் எப்போதும் இருக்காது. பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும், உடம்பு இன்னும் சிக்கனமாகிவிடும் என்றார். தைராய்டு இருக்கிறதா என்றும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். இல்லை.

அப்புறம் எனக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். ஒரு வாரம், வாய்க்குள் போகிற எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும். எழுதிப் பார்த்த பிறகுதான் என் குட்டு வெளிப்பட்டது. பிள்ளைகள் மிச்சம் வைத்த தோசை, வீணாகிறதே என்று என் வாயில். குழம்பு ருசி பார்க்க நாலு கரண்டி. சாயங்காலம் அக்கா வீட்டு டீயோடு இரண்டு பிஸ்கட். ஆரம்பத்தில் பாதியாக இருந்த சோறும் எனக்கே தெரியாமல் முக்காலாகி இருந்தது. எல்லாவற்றையும்விட எண்ணெய்! ஐந்து பேர் உள்ள எங்கள் வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் செலவானது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறதாம். அதைக் கரைக்க அரைமணி நேரம் நடக்க வேண்டும்.

இப்போது மாதம் மூன்று லிட்டர்தான் வாங்குகிறேன். தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு சோறு. மீதி கால் பங்கில் பருப்பு, சுண்டல் அல்லது முட்டை. இப்படிச் சாப்பிட்டால் பசி அடங்குகிறது, மயக்கமும் இல்லை. இரவில் பட்டினி கிடையாது. எட்டு மணிக்குள் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிடுகிறேன்.

நடையையும் மாற்றினேன். இரண்டு நிமிடம் வேகமாக, ஒரு நிமிடம் சாதாரணமாக என்று மாற்றி மாற்றி நடக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. இதற்குப் பணம் செலவில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது 15 தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 15 தடவை, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரண்டு கையிலும் தூக்கி இறக்குவது 15 தடவை. சீரியல் முடிந்து பதினொரு மணிக்குப் படுத்தவள், இப்போது பத்து மணிக்கே விளக்கை அணைத்துவிடுகிறேன். தூக்கம் குறைந்தால் பசி கூடும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

எடை மெஷின் பீரோவின் மேலே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் வயிற்றில் மட்டும்தான் இறக்குவேன். மாதவிலக்குக்கு முன்போ, ஊறுகாய், அப்பளம் என்று உப்பு கூடின மறுநாளோ, நீர் கோத்து ஒரு கிலோ ஏறிக் காட்டலாம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அதைவிட நம்பகமானது தையல் பெட்டியில் இருக்கும் டேப். நம் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. எனக்கு 92 இருந்தது. முதல் ஆறு வாரம் முள் அசையவே இல்லை, ஆனால் டேப் இரண்டு சென்டிமீட்டர் குறைந்து காட்டியது! அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். என்னைப் போல வாசற்படியில் நின்ற 531 பேரை வைத்து சென்னையில் மூன்று வருஷம் ஆராய்ச்சி செய்து, 2006-ல் வெளியிட்டிருக்கிறார்களாம். பொதுவான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு சர்க்கரை நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லையாம். முள் நகராவிட்டாலும் நம் நடை வீண்போவதில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

மூன்று மாதம் ஆகிறது. இப்போது நான் 69 கிலோ. இரண்டு கிலோதானா என்று கேட்பீர்கள். ஆனால் இடுப்பு 88. சர்க்கரை அளவு 5.8. அது 5.7-க்குக் கீழே இறங்க வேண்டும், அதற்கு இன்னும் நடக்க வேண்டும். நடப்பேன்.

மகள் இப்போது மைதானத்துக்கு என்னோடு வந்து ஸ்கிப்பிங் ஆடுகிறாள். வீடு திரும்பியதும், "அம்மா, பசிக்குது" என்கிறாள். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் என் வயிறு நிறைகிறது.

முள் நின்றுவிட்டதே என்று மனம் ஒடிந்திருக்கும் சகோதரிகளே, முதலில் ஒரு நோட்டும் ஒரு டேப்பும் எடுங்கள். மாதக்கணக்கில் அசையாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். பட்டினி மட்டும் கிடக்காதீர்கள். நம் தட்டைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.