தோயோஹிகோ ககாவா: சமூகப் பணியில் தோல்வியும் கிறித்தவ நம்பிக்கையும்

தோயோஹிகோ ககாவா (1888–1960) ஜப்பானைச் சேர்ந்த கிறித்தவப் போதகர், சமூகப் பணியாளர், எழுத்தாளர். அந்நாட்டின் தொழிற்சங்கம், உழவர் சங்கம், நுகர்வோர் கூட்டுறவு ஆகிய மூன்று இயக்கங்களின் தொடக்கத்திலும் இவருக்குப் பங்கு உண்டு. இவர் தொடங்கிய பணிகளில் பல தோற்றுப்போயின. ஆனால் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பணியின் வடிவத்தை மாற்றினார். சமூகப் பணி பயிலும் மாணவர்களுக்கு இவரது வாழ்க்கை பயன்படுவது இதனால்தான்.

பின்னணி

கோபே நகரில் பிறந்த ககாவா மிகச் சிறு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தார். தொகுஷிமாவில் உறவினர் வீட்டில் வளர்ந்தார். பள்ளி நாள்களில் அமெரிக்க மறைப்பணியாளர்களிடம் ஆங்கிலம் கற்றபோது கிறித்தவம் அறிமுகமானது. 1904இல் திருமுழுக்குப் பெற்றார். இளம் வயதிலேயே காசநோய் தாக்கியது. பிழைப்பது அரிது என்ற நிலை வந்தது. எஞ்சிய வாழ்நாளை ஏழைகளுடன் கழிப்பது என்று முடிவு செய்தார். 1909 டிசம்பர் 24 அன்று, இறையியல் மாணவராக இருந்தபோதே, கோபேயின் ஷின்காவா சேரியில் ஒரு சிறு அறைக்குக் குடிபெயர்ந்தார்.

முதல் தோல்வி: கொடுத்தால் தீராத வறுமை

ஷின்காவாவில் அவர் நோயாளிகளைக் கவனித்தார், பசித்தோருக்கு உணவளித்தார், இறந்தோரை அடக்கம் செய்தார். கையிலிருந்ததையெல்லாம் கொடுத்தார். அங்கே தொற்றிய கண்நோய் அவரது பார்வையை வாழ்நாள் முழுதும் பாதித்தது. ஏழைகளுக்காக அவர் தொடங்கிய மலிவு விலை உணவகம் நிலைக்கவில்லை. ஒருவருக்கு உதவி முடிப்பதற்குள் வேலையிழந்த வேறு சிலர் சேரிக்கு வந்து சேர்ந்தனர்.

1914இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குப் படிக்கச் சென்று 1917இல் திரும்பினார். நியூயார்க்கில் கண்ட தொழிலாளர் பேரணி அவர் சிந்தனையை மாற்றியது. வறுமை தனிமனிதரின் குறை மட்டுமன்று. கூலி, வேலைநேரம், வேலையின்மை ஆகியவற்றிலிருந்து பிறப்பது என்று உணர்ந்தார். ஈகையைக் கைவிடாமல், அதனோடு அமைப்பு கட்டும் பணியையும் சேர்த்துக்கொண்டார்.

இரண்டாவது தோல்வி: 1921 வேலைநிறுத்தம்

1921 கோடையில் கோபேயின் கவாசாகி, மிட்சுபிஷி கப்பல் கட்டும் தளங்களின் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் போராட்டத்தில் இறங்கினர். தலைவர்களில் ஒருவரான ககாவா வன்முறை கூடாது என்பதில் உறுதியாக நின்றார். அவர் கைது செய்யப்பட்டார். வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. அதன்பின் தொழிற்சங்கத்தில் தீவிரக் கருத்துடையோரின் கை ஓங்கி, அவரது செல்வாக்குக் குறைந்தது.

அதே ஆண்டில் அவரது வழிகாட்டலில் கோபேயில் ஒரு நுகர்வோர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. 1922இல் மொதோஜிரோ சுகியாமாவுடன் சேர்ந்து ஜப்பான் உழவர் சங்கத்தை அமைத்தார். கிராமத்தில் பிழைக்க முடியாத குத்தகை உழவரே நகரச் சேரிக்கு வருகிறார் என்பதால், சிக்கலின் வேர் இருக்கும் இடத்துக்கே பணியைக் கொண்டுசென்றார். கோபே கூட்டுறவு இன்று பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களுடன் இயங்குகிறது.

நம்பிக்கை செய்த வேலை

ககாவாவின் இறையியலில் சிலுவையே மையம். வெளிப்பார்வைக்குச் சிலுவை ஒரு தோல்வி; கிறித்தவ நம்பிக்கையில் அது மீட்பின் வழி. பிறர் துன்பத்தைத் தன்மேல் ஏற்கும் அன்பையே அவர் மீட்பின் அன்பு என்றார். இந்தப் பார்வை இரண்டு வகையில் உதவியது. முதலாவது, பணியின் மதிப்பு உடனடி வெற்றியைப் பொறுத்ததன்று என்பதால் தோல்வி அவரை முடக்கவில்லை. இரண்டாவது, கட்டளை அன்பு செலுத்துவதுதான். உணவகமோ சங்கமோ அதற்கான கருவி மட்டுமே. ஆகவே பயன்படாத கருவியை மாற்ற அவர் தயங்கவில்லை.

நம்பிக்கை தடுக்காத பிழைகள்

நம்பிக்கை இருந்தால் பிழை நேராது என்று இதனால் கொள்ளக்கூடாது. 1915இல் வெளியான ஏழைகளின் உளவியல் பற்றிய நூலில், ஜப்பானில் ஒதுக்கப்பட்ட புராகு மக்களைப் பிறப்பால் வேறானவர்கள் போலச் சித்திரித்தார். தாம் வாழ்ந்த சேரியின் மக்களையே இழிவுபடுத்திய இக்கருத்து பின்னாளில் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. ஏழைகளுடன் குடியிருப்பது மட்டுமே அவர்களைச் சரியாகப் புரிந்துகொண்டதற்குச் சான்றாகாது.

1938 டிசம்பரில் சென்னையை அடுத்த தாம்பரத்தில் நடந்த அனைத்துலக மறைப்பணி மாநாட்டில் ககாவா கலந்துகொண்டார். அடுத்த மாதம் காந்தியடிகளைச் சந்தித்தார். ஜப்பானின் போரை ஏற்கவில்லையெனில் அதை வெளிப்படையாக அறிவித்து விளைவை ஏற்க வேண்டும் என்பது காந்தியின் கருத்து. 1940இல் ககாவா இராணுவக் காவலரால் கைது செய்யப்பட்டார். ஆயினும் போரின் பிற்பகுதியில் அமெரிக்காவுக்கு எதிராக வானொலியில் பேசினார். இது இன்றும் விவாதிக்கப்படுகிறது.

மாணவர்கள் அறிய வேண்டியவை

களப்பணியில் ஒரு திட்டம் தோற்கும்போது மூன்று கேள்விகள் எழுப்பலாம். தோற்றது நோக்கமா, முறையா? சிக்கலின் வேர் நாம் நிற்கும் இடத்தில் இருக்கிறதா, வேறெங்காவது இருக்கிறதா? யாருக்காக உழைக்கிறோமோ அவர்களைப் பற்றிய நம் எண்ணம் சரியானதா? முதல் இரண்டு கேள்விகளுக்கும் ககாவா தம் வாழ்க்கையில் விடை தேடினார். மூன்றாவதில் தவறினார். அவரிடமிருந்து கற்கும்போது இந்த மூன்றாவது கேள்வியையும் விட்டுவிடக் கூடாது.