சின்னப் பிள்ளையோடு கேமரன் மலையா, போர்ட்டிக்சனா?

பள்ளி விடுமுறை என்றாலே பலருக்குக் கேமரன் மலைதான் நினைவுக்கு வரும். ஆனால் தாப்பாவிலிருந்து ஏறும் சுமார் 60 கிலோமீட்டர் வளைவுப் பாதையில், இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு எளிதில் வாந்தி வரும். அழுகிறதே என்று மடியில் தூக்கி வைத்துக்கொள்வதுதான் பேராபத்து. திடீரென பிரேக் பிடித்தால் தாயின் கைகள் தாங்காது. மலேசியாவில் 2020 முதல் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். போயே ஆகவேண்டுமென்றால் வளைவுகள் குறைந்த சிம்பாங் பூலாய் வழியே மேல்.

கோலாலம்பூர்க்காரர்களுக்குப் போர்ட்டிக்சன் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். பிள்ளைக்கு மணலும் வாளியும் போதும். ஸ்ட்ராபெரி கேட்பது பெரும்பாலும் பெரியவர்கள்தான்! ஆனால், முழங்கால் அளவுத் தண்ணீரிலும் கையெட்டும் தூரத்தில் நில்லுங்கள். பிள்ளைகள் சத்தமில்லாமலே மூழ்கிவிடுவார்கள்.