பேத்தி கேட்டது ஜப்பான் பலகாரம்... அப்பத்தா காட்டியது தனுஷ்கோடி!



பரீட்சை முடிந்து லீவு விட்டாலே, "எங்கம்மா போகப் போறோம்?" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் ஆரம்பித்துவிடும். இந்தக் காலாண்டு விடுமுறையில் ஒன்பதாவது படிக்கும் என் மகள் கேட்டது, இதுவரை எந்தப் பிள்ளையும் கேட்டிருக்காது. "அம்மா, எனக்கு ஊர் சுத்த எல்லாம் வேணாம். ஜப்பான்காரங்க ரோட்டுக் கடையில சாப்பிடறாங்களே, அதை ஒரு தடவை சாப்பிட்டுப் பார்க்கணும்" என்றாள்.

எல்லாம் அந்த செல்போனில் பார்த்த வினைதான். என்னிடமும் காட்டினாள். ஒரு படத்தில், நம் பணியாரச் சட்டி மாதிரியே குழிக் குழியாக ஒரு கல். அதில் மாவை ஊற்றி, நடுவில் ஏதோ ஒரு துண்டைப் போட்டு, குச்சியால் திருப்பித் திருப்பி உருட்டுகிறார்கள். "டக்கோயாகி. ஒசாகா ஊர்ல ரொம்ப பேமஸ். உள்ளே ஆக்டோபஸ் இருக்கும்" என்றாள். இன்னொரு படத்தில், முழுக் கணவாயைக் குச்சியில் குத்தி நெருப்பில் வாட்டி, சோயா சாஸ் தடவித் தருகிறார்கள்.

நாங்கள் இருப்பது பரமக்குடி. என் கணவருக்கு ஜவுளிக்கடையில் வேலை. மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, மதுரையில் ஒரு ஹோட்டலில் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி விலை விசாரித்தார். ஐந்து பேர் சாப்பிட ஒரு வாரச் சம்பளம் போய்விடும் போலிருந்தது! "வேற ஏதாச்சும் கேளு தாயி" என்று சொல்லிவிட்டார். அவள் ஒன்றும் பேசவில்லை. போனைக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அடம் பிடித்திருந்தால் இரண்டு அடி வைத்திருப்பேன். பேசாமல் போனதுதான் எனக்கு என்னவோ செய்தது.

அப்போதுதான் திண்ணையில் உட்கார்ந்திருந்த என் மாமியார், "அது என்னத்தா படம்? கணவாயில்ல சுடுறாக! இதுக்கு எதுக்கு சப்பானுக்குப் போகணும்? எங்க ஊர்ல நாங்க திங்காததா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால், அத்தை தன் வாயால் 'எங்க ஊர்' என்று சொல்லி, நான் கல்யாணமாகி வந்த இந்தப் பதினாறு வருஷத்தில் கேட்டதே இல்லை.

அத்தை பிறந்தது தனுஷ்கோடியில். அவருடைய அப்பா கப்பல் துறையில் சுமை தூக்கியவர். அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து வரும் போட் மெயில் தனுஷ்கோடி வரை போகும். அங்கே இறங்கிக் கப்பல் ஏறினால் இலங்கையில் தலைமன்னார். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ஐம்பது வருஷம் இப்படி நடந்தது. ஸ்டேஷன், தபால் ஆபீஸ், சர்ச், பள்ளிக்கூடம் என்று களைகட்டியிருந்த ஊர், 1964 டிசம்பர் 22-ந் தேதி ராத்திரி அடித்த புயலில் ஒரேயடியாகப் போய்விட்டது. பாம்பனிலிருந்து அன்று ராத்திரி கிளம்பிய பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் அலையில் அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

அந்த ரயிலில்தான் அத்தையின் அண்ணனும் இருந்தார். பன்னிரண்டு வயது. ராமேஸ்வரத்தில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு, சித்தப்பாவோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்தாராம். அத்தைக்கு அப்போது ஏழு வயது. மற்றவர்கள் மணல்மேட்டில் ஏறி எப்படியோ தப்பித்து, பரமக்குடியில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர்கள்தான், திரும்பிப் போகவே இல்லை.

மாமா காலமானபோது காரியத்துக்காக ராமேஸ்வரம் போனோம். அப்போதும் அத்தை, "பஸ்ஸுன்னா வாரேன், ரயில்ல ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். தனுஷ்கோடி என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுவார். நாங்களும் கேட்பதை விட்டுவிட்டோம்.

அப்படிப்பட்டவர் பேத்தி படுத்திருந்த அறைக்குள் போய், "எந்திரி. உனக்குச் சுட்ட கணவாய்தானே வேணும்? நான் வாங்கித் தாரேன்" என்று சொன்னால் எப்படி இருக்கும்! என் கணவர் என்னைப் பார்க்க, நான் அவரைப் பார்க்க... "எப்படிம்மா போறது?" என்று மெதுவாகக் கேட்டார். "ரயில்லதான். அங்க எல்லாரும் ரயில்லதான்டா போவோம்" என்றார் அத்தை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து, புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். கடலில் மீன் கிடைக்காமல் போனால் பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாதே! மதுரையிலிருந்து வரும் பாசஞ்சரில் ஏறினோம். டிக்கெட் செலவு ரொம்பக் குறைவு. ராமநாதபுரம் வரை அத்தை நன்றாகப் பேசிக்கொண்டு வந்தார். மண்டபம் தாண்டியதும் பேச்சு நின்றுவிட்டது.

பழைய பாலம் பழுதானதால் 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோய், புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகுதான் மறுபடி ஓடுகிறது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். கப்பல் வந்தால் நடுவில் இருக்கும் 72.5 மீட்டர் துண்டு அப்படியே லிப்ட் மாதிரி நேராக மேலே போகிறது என்று ஐந்தாவது படிக்கும் என் மகன் எல்லோருக்கும் பாடம் நடத்தினான். ரயில் பாலத்தில் ஏறியதும் ஜன்னல் இரண்டு பக்கமும் தண்ணீர்தான். அத்தை கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது. பாம்பன் வரும்வரை விடவில்லை. நானும் கையை எடுக்கவில்லை.

ராமேஸ்வரத்திலிருந்து அரசு பஸ்ஸில் தனுஷ்கோடி. முன்பெல்லாம் மணலிலும் தண்ணீரிலும் வேனில்தான் போக வேண்டுமாம். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ரோடு போட்டுவிட்டார்கள். புயலில் தப்பித்து நின்ற கோதண்டராமர் கோயிலைத் தூரத்தில் பார்த்ததும் அத்தை கையெடுத்துக் கும்பிட்டார்.

கூரையில்லாத சர்ச், இடிந்த சுவர்கள், மணல். மற்றவர்கள் எல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை மட்டும் விறுவிறு என்று நடந்து, இடிந்த ஸ்டேஷன் பக்கம் போய் நின்றார். "எங்கய்யா இங்கதான் நிப்பாரு. போட் மெயில் வந்தா எனக்கு ஒரு பிஸ்கட்டாச்சும் கிடைக்கும்" என்றார். அழுவாரோ என்று பயந்தேன். அழவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "பசிக்குதுத்தா, வா" என்றார்.

ரோட்டோரம் கீற்றுக் கொட்டகைகளில் மீன் கடைகள். மசாலா தடவிய விளைமீன், பாறை, ஊளி, நண்டு, இறால், கணவாய் எல்லாம் தட்டில் பரப்பியிருக்கிறார்கள். நாம் காட்டினால் கண் முன்னாலேயே பொரித்துத் தருகிறார்கள். நாங்கள் போன கடையில் என் வயதுதான் இருக்கும் ஒரு பெண். அவரிடம் அத்தை, "பொரிக்க வேணாம்த்தா. மசாலா தடவாத கணவாய் இருந்தா கங்குல சுட்டுத் தாரியா?" என்று கேட்டார். அந்தப் பெண் அத்தையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆத்தாவுக்கு எந்த ஊரு?" என்றார். "இந்த ஊருதான்" என்றார் அத்தை.

அவ்வளவுதான்! அந்தப் பெண் விறகடுப்பிலிருந்து கங்கை இழுத்துப் பரப்பி, நான்கு கணவாய்களை உப்பும் மிளகுத்தூளும் தடவிக் கம்பியில் கோத்து வாட்டினார். "பெருசெல்லாம் கம்பெனிக்காரங்க எடுத்துருவாக. வெளிநாட்டுக்குப் போகுது. எங்களுக்கு இதுதான் மிஞ்சும்" என்றார். "ஜப்பானுக்கா?" என்றாள் என் மகள். "அங்கயும்தான் போகுதாம்" என்று அவர் சிரித்தார்.

வாழை இலைத் துண்டில் வைத்துக் கொடுத்ததை அத்தை முதலில் பேத்தி வாயில்தான் ஊட்டினார். பிறகு தான் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, கடலைப் பார்த்துக்கொண்டே மெல்ல மென்றார். "எங்கண்ணன் இப்படித்தான் சுட்டுத் தருவான். தலைப்பக்கத்தை அவன் எடுத்துக்கிட்டு, எனக்கு நல்ல துண்டாத் தருவான்" என்றார். அந்த அண்ணனைப் பற்றி அவர் எங்களிடம் சொன்ன முதல் வார்த்தை அது. அதன் பிறகு ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தார். என் கணவர் தன் தாய்மாமாவின் பெயரையே நாற்பது வயதுக்கு மேல் அன்றுதான் கேட்டார்.

கிளம்பும்போது அந்தப் பெண்ணின் மகள் குடத்தில் தண்ணீர் கொண்டு வந்தாள். மணலில் ஊற்றுத் தோண்டி, கிண்ணத்தால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு நிரப்ப வேண்டுமாம். இரண்டு பக்கமும் கடல் இருக்க, நடுவில் நல்ல தண்ணீர் ஊறுகிறது! என் மகளைவிடச் சின்னப் பெண். அதைப் பார்த்த பிறகு, வீட்டில் குழாயடிக்குப் போகச் சொன்னால் முகம் சுளிப்பதை என் மகள் கொஞ்சம் குறைத்திருக்கிறாள்.

பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டோம். மொத்தச் செலவு 1,500 ரூபாய்க்குள். எல்லாம் என் உண்டியல் காசு.

ரயிலில் வரும்போது மகள் போனில் எதையோ தேடிவிட்டு, "அப்பத்தா, ஜப்பான்ல அதுக்குப் பேரு இகயாகி. இகான்னா கணவாய், யாகின்னா சுட்டதாம்" என்றாள். "அதத்தானே நானும் சொன்னேன், சுட்ட கணவாய்னு!" என்றார் அத்தை. பெட்டியே சிரித்தது. சிரிப்பில் பாம்பன் பாலம் வந்ததையும் போனதையும் அத்தை கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

இப்போது பணியாரச் சட்டியில் என் மகளின் 'டக்கோயாகி'யும் எங்கள் வீட்டில் நடக்கிறது. ஆக்டோபஸுக்கு நம் கடற்கரையில் பேய்க்கணவாய் என்று பெயர். அது கிடைக்காததால், ஊசிக்கணவாயைப் பொடியாக நறுக்கி, மைதாவும் முட்டையும் வெங்காயத்தாளும் கலந்த மாவில் போட்டு ஊற்றுகிறேன். பிள்ளைகள் சட்டியைக் காலி செய்துவிடுகிறார்கள்.

போக நினைக்கும் தோழிகளுக்குச் சில வார்த்தைகள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்தச் சமயம் மீன் வரத்துக் குறைவாக இருக்கும். குடிதண்ணீர், குடை அல்லது தொப்பி கட்டாயம். அரிச்சல்முனையில் நீரோட்டம் அதிகம். பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். வீட்டில் கணவாய் சமைத்தால், தலையை இழுத்து மைப்பையையும், உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும் முள்ளையும் எடுத்துவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் மட்டும் வாட்டுங்கள். அதிக நேரம் விட்டால் ரப்பர்தான்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரியவர்கள் ஒரு விஷயத்தைப் பேசவில்லை என்றால், பேசவே விருப்பமில்லை என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம். நான் பதினாறு வருஷம் அப்படித்தான் இருந்தேன். வருகிற டிசம்பர் 22-ந் தேதி மறுபடி தனுஷ்கோடி போக வேண்டும் என்று அத்தை இப்போதே சொல்லிவிட்டார். அண்ணனுக்காகக் கடலில் பூப் போட வேண்டுமாம். ரயிலில்தான் போகிறோம்.

- ஒரு வாசகி, பரமக்குடி.